தூங்குமூஞ்சி: ஒரு வசவின் வரலாறு

தூங்குமூஞ்சி, மக்கு, மந்தம், சோம்பேறி... வகுப்புல கடைசி பெஞ்சு பையனுக்குன்னே நம்ம ஊர்ல கைவசம் வச்சிருக்கிற பட்டங்கள் இவை. தேனியில பஸ் ஏறி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு எந்த ஊர்ல இறங்கிக் கேட்டாலும், இதுல ஒண்ணையாவது வாங்கின பயபுள்ள ஒருத்தன் இருப்பான். அதே பையனைப் பத்தி வீட்ல அப்பத்தா பெருமையா வேற ஒண்ணு சொல்லும்: "படுத்தா போதும்யா, அவுக தாத்தா மாதிரியே குறட்டை. என்னமா அசந்து தூங்குறான் பாரு!"

பகல்ல வாங்குற வசவும் ராத்திரி வாங்குற பாராட்டும் ஒரே கோளாறோட ரெண்டு முனையா இருக்கலாம். இதைச் சொன்னா "என்னய்யா மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுற"ன்னு கேப்பீங்க. மருத்துவ உலகமே இந்த முடிச்சை 1880கள்லயே போட்டுச்சு. அப்புறம் அவிழ்ந்துபோச்சு. அப்புறம் திரும்பப் போட்டுச்சு. அந்தக் கூத்தைத்தான் இந்தப் பதிவுல எழுதப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல, தொண்டைக்குள்ள என்ன நடக்குது?

மூக்குக்குப் பின்னாடி, அண்ணத்துக்கு மேல ஒரு சதை இருக்கு. பேரு அடினாய்டு. தொண்டைக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறது டான்சில். "சதை வளர்ந்திருக்கு"ன்னு நம்மாளுங்க பொதுவா சொல்றது இதுங்களைத்தான். சுமார் 2 வயசுல இருந்து 8 வயசு வரைக்கும், மூச்சுப் பாதையோட அகலத்தோட ஒப்பிட்டா இந்தச் சதைகள் ரொம்பப் பெருசா இருக்கும். முழிச்சிருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பா நின்னு வழிவிடும். தூங்கினதும் தளர்ந்துடும். பாதை குறுகினா காத்து அதிர்ந்து வரும், அதுதான் குறட்டை. சில குழந்தைகளுக்கு பாதை பாதியோ முழுசோ அடைச்சே போயிடும். நெஞ்சு ஏறி இறங்கும், ஆனா காத்து உள்ள போகாது. ரத்தத்துல ஆக்சிஜன் குறையும், கரியமில வாயு ஏறும். உடனே மூளை அரைகுறையா முழிச்சு ஒரு உலுக்கு உலுக்கும். பையன் ஒரு திணறு திணறி, புரண்டு படுத்து, மறுபடி மூச்சு விடுவான். இதுக்குப் பேருதான் ஸ்லீப் ஆப்னியா. ராத்திரி முழுக்க இது பல தடவை நடந்தாலும் காலையில பையனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது.

தூக்கம்ங்கிறது மூளைக்கு லீவு கிடையாது. பகல்ல படிச்சதை அடுக்கி வைக்கிறது, கோவத்தையும் அழுகையையும் அடக்கி ஆளுற முன்மூளைப் பகுதிக்கு ஓய்வு குடுக்கிறது, வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது எல்லாம் அந்த நேரத்துலதான். அதைத் துண்டு துண்டா வெட்டினா பெரியவங்க மறுநாள் தூங்கி வழிவாங்க. குழந்தைங்க பல சமயம் நேர் எதிர். ஒரு இடத்துல உட்கார மாட்டாங்க, எரிஞ்சு விழுவாங்க, சட்டுனு அழுவாங்க, பக்கத்துப் பையனை அடிப்பாங்க, சொன்னது மண்டையில ஏறாது. ஆக, தூங்குமூஞ்சின்னு பேர் வாங்குறவன் மட்டும் இல்ல, "ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குறான்"னு அடி வாங்குறவனும் இந்தக் கணக்குல வரலாம்.

கோபன்ஹேகன்ல ஒரு விரல்

1868-ல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன்ல வில்ஹெல்ம் மையர்னு ஒரு மருத்துவர். காது மந்தம், மூக்கடைப்பு, தெளிவில்லாத பேச்சோட வந்த நோயாளிகளோட அண்ணத்துக்குப் பின்னாடி விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மெத்து மெத்துன்னு சதை வளர்ந்து கிடந்துச்சு. அதுக்கு அடினாய்டு வளர்ச்சின்னு பேர் வச்சு எழுதினார். 1870-ல் அது ஆங்கிலத்துலயும் வந்துச்சு. அவர் செத்ததுக்கு அப்புறம் 1898-ல் கோபன்ஹேகன்ல சிலையே வச்சாங்க. மூக்குக்குப் பின்னாடி இருக்கிற சதையைக் கண்டுபிடிச்சதுக்கு சிலை! :-)

அடுத்த இருபது வருஷத்துல ஐரோப்பா மருத்துவர்கள் இன்னொண்ணைக் கவனிச்சாங்க. சதை வளர்ந்த பிள்ளைங்களுக்கு மூக்கு மட்டும் அடைக்கலை, படிப்பும் அடைச்சுக்கிச்சு. ஆம்ஸ்டர்டாம்ல கியேங்கிற பேராசிரியர் இதுக்கு 'அப்ரோசெக்ஸியா'ன்னு ஒரு பேரே வச்சார். கவனத்தை ஒரு இடத்துல நிறுத்த முடியாமைன்னு அர்த்தம். அவர் சொன்ன பையன் கதை அந்தக் காலத்துல ரொம்பப் பிரசித்தம். ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போயும் மூணு எழுத்துக்கு மேல படிக்காத 7 வயசுப் பையன், சதையை எடுத்த ஒரே வாரத்துல மொத்த எழுத்தையும் படிச்சிட்டானாம். இந்தக் கதையை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேலை இருக்கு.

1889-ல் லண்டன்ல வில்லியம் ஹில்ங்கிற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே குழந்தைகளோட பின்தங்கலுக்கும் மந்தபுத்திக்குமான சில காரணங்கள்ங்கிற மாதிரிதான் இருக்கும். வாயால மூச்சு விடுற, குறட்டை விடுற, ராத்திரி புரண்டுகிட்டே இருக்கிற, பகல்ல தலைவலின்னு சொல்ற பிள்ளையை மக்குன்னும் சோம்பேறின்னும் சொல்லிடுறோம், ஆனா கோளாறு தொண்டையில இருக்குன்னார். 1892-ல் வில்லியம் ஆஸ்லர் எழுதின புகழ்பெற்ற மருத்துவப் பாடப்புத்தகத்துலயும் இது வந்துடுச்சு. சத்தமான மூச்சு, நடுவுல நீண்ட நிறுத்தம், அப்புறம் ஒரு பெரிய இழுப்பு, பகல்ல மந்தமான முகம் எல்லாமே அதுல இருக்கு.

காலத்தை நம்ம ஊர்க் கணக்குல சொல்லணும்னா, ஹில் இதை எழுதினப்போ மலை மேல பென்னிகுக் பெரியாறு அணையைக் கட்டிக்கிட்டிருந்தார். 1887-ல் ஆரம்பிச்சு 1895-ல் முடிஞ்ச வேலை அது. கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்தத் தண்ணி வர்றதுக்கு முன்னாடியே, குறட்டைக்கும் மக்கு பட்டத்துக்கும் உள்ள தொடர்பு அச்சுல வந்தாச்சு.

அப்புறம் ஏன் மறந்துபோச்சு?

மறந்ததுக்குக் காரணம் அலட்சியம் மட்டும் இல்ல. அளவுக்கு மீறின உற்சாகமும்தான். ஒரே வாரத்துல மொத்த எழுத்தும் வந்துடும்னா யார் சும்மா இருப்பாங்க? பள்ளிக்கூடப் பிள்ளைங்களை வரிசையா நிக்கவச்சு சதையை வெட்டுற காலம் வந்துச்சு.

1906 ஜூன் மாசம் நியூயார்க்ல ஒரு கலவரமே நடந்துச்சு. கிழக்கு ஐரோப்பாவுல இருந்து பிழைக்க வந்த ஏழை யூதக் குடும்பங்கள் நெருக்கியடிச்சு வாழ்ந்த பகுதி. பள்ளிக்கூடத்துலயே மருத்துவர்கள் வந்து பிள்ளைகளுக்கு அடினாய்டு எடுத்தாங்க. வாயில ரத்தத்தோட வீட்டுக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்துட்டு, "டாக்டருங்க பிள்ளைங்க கழுத்தை அறுக்குறாங்க"ன்னு வதந்தி பரவிடுச்சு. ஆயிரக்கணக்குல தாய்மார்கள் பள்ளிக்கூடங்களை முற்றுகையிட்டு, கல்லெறிஞ்சு ஜன்னலை உடைச்சாங்க. சொந்த ஊர்ல படுகொலையைப் பார்த்துட்டு வந்த சனம் அது, பயந்ததுல ஆச்சரியமே இல்ல. புரியிற மொழியில உட்கார்ந்து விளக்காம ஏழைப் பிள்ளை மேல கத்தி வச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு அந்தக் கலவரம் ஒரு பாடம்.

இதைவிடப் பெரிய கூத்து 1934-ல் வெளிவந்துச்சு. அதே நியூயார்க்ல 11 வயசுப் பிள்ளைங்க 1000 பேரைப் பார்த்தாங்க. 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாச்சு. மிச்சம் 389 பேரை மருத்துவர்கள்கிட்ட காட்டினாங்க. 174 பேருக்கு ஆபரேஷன் வேணும்னாங்க. வேண்டாம்னு சொன்ன 215 பேரை மட்டும் வேற மருத்துவர்கள்கிட்ட காட்டினா, அதுல 99 பேருக்கு வேணும்னாங்க. மறுபடி தப்பிச்ச 116 பேரை மூணாவது குழுகிட்ட காட்டினாங்க. 51 பேருக்கு வேணும்! எந்தப் பிள்ளையைக் காட்டினாலும் பாதிக்குக் கிட்ட வெட்டச் சொல்றதுதான் வழக்கமா இருந்திருக்கு. அந்தப் பிள்ளை ராத்திரி எப்படித் தூங்குதுங்கிற கேள்வி எங்கயோ தொலைஞ்சுபோச்சு.

1959-ல் அமெரிக்காவுல மட்டும் ஒரே வருஷத்துல சுமார் 14 லட்சம் டான்சில் ஆபரேஷன். பெரும்பாலும் அடிக்கடி தொண்டைப்புண் வருதுன்னுதான். ஆன்டிபயாடிக் வந்து, "இத்தனை ஆபரேஷன் தேவையா"ங்கிற கேள்வியும் வந்ததும் எண்ணிக்கை மளமளன்னு விழுந்துச்சு. விழுந்தது நல்லதுதான். ஆனா உண்மையாவே மூச்சு அடைச்ச பிள்ளையும் அந்தக் கூட்டத்தோட கூட்டமா, "சதைதானே, வளர வளரச் சரியாப்போயிடும்" கணக்குல சேர்ந்துபோச்சு.

குண்டுப் பையன் ஜோ

இங்க ஒரு வேடிக்கை. 1956-ல் அமெரிக்காவுல பர்வெல்லும் அவர் சகாக்களும் ஒரு நோயாளியைப் பத்தி எழுதினாங்க. பருத்த உடம்புக்காரர், சீட்டாட்டத்துல கையில அருமையான சீட்டு வந்தும் அதை இறக்காம தூங்கிட்ட மனுஷர். இந்த நோய்க்கு 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்'னு பேர் வச்சாங்க. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-ல் தொடரா எழுதின பிக்விக் பேப்பர்ஸ் நாவல்ல ஜோன்னு ஒரு வேலைக்காரப் பையன் வருவான். நின்னுகிட்டே தூங்குவான், குறட்டை விடுவான், எல்லார்கிட்டயும் திட்டு வாங்குவான். நாவல்ல அவன் சின்னப் பையன். ஆனா அவன் பேர்ல வந்த நோயைப் பெரியவங்ககிட்டதான் தேடிக்கிட்டிருந்தாங்க!

1965-ல் பிரான்ஸ்லயும் ஜெர்மனியிலயும் தனித்தனியா ஆராய்ச்சியாளர்கள் தூங்குறவங்களோட மூச்சையும் மூளை அலையையும் சேர்த்துப் பதிவு பண்ணி, மூச்சு நின்னு நின்னு வர்றதைக் காகிதத்துல காட்டினாங்க. அதே வருஷம் டான்சில் பெருத்த சில குழந்தைகளுக்கு இதயத்தோட வலது பக்கமே பாதிக்கப்பட்டு, சதையை எடுத்ததும் தேறினதை மருத்துவர்கள் எழுதினாங்க.

குழந்தைகளோட திருப்புமுனை 1976. பிரான்ஸ்ல பிறந்து அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல வேலை பார்த்த கிறிஸ்டியன் கியெமினோ, ஸ்லீப் ஆப்னியா உள்ள 8 குழந்தைகளைப் பத்தி எழுதினார். ராத்திரி குறட்டை, காலைல தலைவலி, படிப்புல சறுக்கல், பகல்ல தூக்கம், சிலருக்கு அடங்காத துறுதுறுப்பு, நின்னுபோன படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வர்றது... ஹில் 1889-ல் கண்ணால பார்த்து எழுதினதை, 87 வருஷம் கழிச்சு கருவியால அளந்து எழுதினார்.

அந்தக் கடைசி விஷயத்துல கொஞ்சம் நில்லுங்க. எட்டு வயசுல பாயை நனைக்கிற பிள்ளைக்கு வீட்ல என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும். அடி, கேலி, சொந்தக்காரங்க முன்னாடி மானக்கேடு. அந்தப் பிள்ளை அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் ராத்தங்கக்கூட பயப்படும். மூச்சு அடைக்கிறது சிறுநீர் கட்டுப்பாட்டையும் குலைக்கும்ங்கிற ஒரு தகவல் தெரிஞ்சா போதும், அந்த அடி மிச்சம்.

மதிப்பெண் பட்டியல்ல குறட்டை

1998-ல் டேவிட் கோசால்ங்கிற குழந்தை மருத்துவர், அமெரிக்காவுல முதல் வகுப்புல கடைசி 10 சதவீதத்துல இருந்த 297 பிள்ளைங்களை எடுத்துக்கிட்டார். நம்ம பாஷையில சொன்னா கடைசி பெஞ்சு. அவங்க தூங்கும்போது அளந்து பார்த்தா 54 பேருக்கு மூச்சுக் கோளாறு. நூத்துக்கு 18 பேர்! பொதுவா குழந்தைகள்ல நூத்துக்கு 1-ல் இருந்து 5 பேர் வரைக்கும்தான் இது இருக்கும்னு கணக்கு. 24 பேருக்குப் பெற்றோர் ஆபரேஷன் பண்ண ஒத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷம் அவங்க மதிப்பெண் ஏறிச்சு. பண்ணாதவங்களுக்கு ஏறலை.

2012-ல் இங்கிலாந்துல 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததுல இருந்து பின்தொடர்ந்த ஆய்வு வந்துச்சு. சின்ன வயசுல குறட்டை, வாயால மூச்சு, மூச்சு நிக்கிறது இதெல்லாம் இருந்த பிள்ளைகளுக்கு 7 வயசுல துறுதுறுப்பு, சண்டை சச்சரவு, மனச்சோர்வு, கூட்டாளிகளோட ஒட்டாமை வர்ற வாய்ப்பு 40-ல் இருந்து 100 சதவீதம் வரை அதிகம்.

அப்போ கியே சொன்ன அதிசயம் உண்மைதானான்னு கேட்டா, 2013-ல் வந்த பெரிய சோதனை கொஞ்சம் நிதானிக்கச் சொல்லுது. 5-ல் இருந்து 9 வயசு வரை 464 பிள்ளைங்க. குலுக்கல் முறையில பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேரை 7 மாசம் கவனிச்சுக் காத்திருந்தாங்க. கவனத்திறன் தேர்வுல ரெண்டு கோஷ்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்ல! ஆனா நடத்தை, மனநிலை, தூக்கம், அன்றாட வாழ்க்கைத் தரம் இதெல்லாம் ஆபரேஷன் பண்ணவங்களுக்குத் தெளிவா முன்னேறிச்சு. தூக்கப் பரிசோதனை சீரானது அவங்கள்ல 79 சதவீதம் பேருக்கு. சும்மா காத்திருந்தவங்கள்லயும் 46 சதவீதம் பேருக்குத் தானா சீராச்சு. ஆக்சிஜன் ரொம்ப நேரம் குறைஞ்ச கடுமையான கேஸ்களை அந்தச் சோதனையில சேர்க்கலைங்கிறதையும் சொல்லிடணும். லேசான கோளாறு உள்ளவங்களை வச்சு 2023-ல் வந்த இன்னொரு சோதனையும் கிட்டத்தட்ட இதையே சொல்லிச்சு.

ஆக, கத்தி வச்ச ஒரே வாரத்துல மக்குப்பையன் மேதையாகிடுவான்னு யாரும் நம்ப வேண்டாம். ஆனா எரிஞ்சு விழாத, அழாத, நிம்மதியாத் தூங்கி எந்திரிக்கிற பிள்ளை கிடைக்கும். அது சின்ன விஷயமா என்ன?

பள்ளத்தாக்குக்கு வருவோம்

குழந்தைகள்ல நூத்துக்கு சுமார் 10 பேர் வழக்கமா குறட்டை விடுறவங்க. 40 பேர் உள்ள வகுப்புன்னா 4 பேர். அதுல ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோ ஆப்னியாவே இருக்கலாம். கம்பத்துல ஒரு வகுப்பு, போடியில ஒரு வகுப்புன்னு நீங்களே பெருக்கிப் பாருங்க.

நம்ம பக்கத்துக்குன்னு சில விஷயம் உண்டு. சாரல் காலம் வந்தா சளியும் மூக்கடைப்பும் பிள்ளையை விட்டு இறங்காது. விறகடுப்புப் புகை சுத்துற வீட்ல மூக்குச் சவ்வு வீங்கியே கிடக்கும். பெரு நாட்டு மலைக் கிராமங்கள்ல புகை குறைஞ்ச அடுப்புக்கு மாறின வீடுகள்ல பிள்ளைகளோட குறட்டையும் தூக்கத் தொந்தரவும் குறைஞ்சதைப் பார்த்திருக்காங்க. அடுத்தது, ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கருக்கல்லயே ஜீப் ஏறிப் போற அம்மா, பொழுது சாயத் திரும்பி, சமைச்சுப் போட்டுட்டுப் படுத்தா, பிள்ளை மூச்சு நிக்குதான்னு கேக்க அவங்களுக்குத் தெம்பு எங்க இருக்கும்?

ஆனா நமக்கு ஒரு பெரிய சாதகமும் இருக்கு. வெளிநாட்டுல பிள்ளைக்குத் தனி அறை. இங்க ஒரே கூடத்துல வரிசையாப் பாயை விரிச்சுப் படுக்கிறோம். அப்பத்தாவுக்குப் பாதி ராத்திரி தூக்கம் வராது. ஆக, கேக்குற காது பக்கத்துலயே இருக்கு. கேக்குறது நோய்னு அந்தக் காதுக்குத் தெரியணும், அவ்வளவுதான். "அசந்து தூங்குறான்"னு பெருமைப்படுற இடத்துல, "ஏத்தா, மூச்சு நின்னு நின்னு வருதே, ஆஸ்பத்திரியில காட்டுவமா?"ன்னு கேட்டா போதும்.

தேனி 1996-ல் தனி மாவட்டமாச்சு. 2004-ல் க.விலக்குல அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு. அதுக்கு முன்னாடி பெரிய வைத்தியம்னா மதுரைதான். இப்போ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்ல. பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் நேரா வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிற தேசிய குழந்தைகள் நலத் திட்டம் 2013-ல் தொடங்குச்சு. அது தேடச் சொன்ன 30 குறைபாடுகள் பட்டியல்ல கற்றல் குறைபாடு இருக்கு, கவனக்குறைவு மிகைத்துடிப்பு இருக்கு. தூக்கத்துல மூச்சடைப்பு இல்ல. "பையன் குறட்டை விடுவானா?"ன்னு ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கிட்டா செலவு ஒண்ணும் இல்ல.

வீட்ல கவனிக்க வேண்டியது இவ்வளவுதான்: வாரத்துல மூணு ராத்திரிக்கு மேல குறட்டை, நடுவுல மூச்சு நின்னு திணறல், வாயைத் திறந்து கழுத்தைப் பின்னாடி வளைச்சுப் படுக்கிறது, கடுமையான வியர்வை, நின்னுபோன படுக்கை நனைப்பு திரும்ப வர்றது, காலைத் தலைவலி, எடை ஏறாமை. இதெல்லாம் இருந்தா செல்போன்ல அரை மணி நேரம் வீடியோ எடுத்து மருத்துவர்கிட்ட காட்டுங்க. வீட்டு வீடியோவும் ஆஸ்பத்திரி தூக்கப் பரிசோதனையும் பெரும்பாலும் ஒத்துப்போறதை 1996-லயே இஸ்ரேல் மருத்துவர்கள் காட்டியிருக்காங்க. அதுக்காக பரிசோதனையே வேண்டாம்னு இல்ல, மருத்துவர் காதுல விஷயம் ஏற அது உதவும். எல்லாருக்கும் ஆபரேஷன்னும் இல்ல. லேசான கேஸுக்கு மூக்குல அடிக்கிற மருந்து, கவனிச்சுக் காத்திருக்கிறது, உடம்பு பருத்த பிள்ளைக்கு எடை குறைக்கிறது, தேவைப்பட்டா 1981-ல் ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தின காத்தழுத்தக் கருவின்னு பல வழி இருக்கு. எதுங்கிறதை மருத்துவர்தான் சொல்லணும்.

வாத்தியார், டீச்சரா இருக்கிற பதிவர்கள் நம்மள்ல நிறைய பேர் இருக்கீங்க. அடுத்த தடவை பெற்றோர் கூட்டத்துல அந்தக் கடைசி பெஞ்சு பையனோட அம்மா பயந்துகிட்டே வந்து நிப்பாங்கல்ல, அவங்ககிட்ட மார்க்கைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி, "தம்பி ராத்திரி எப்படிம்மா தூங்குறான்?"னு கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: நான் மருத்துவர் இல்ல, வரலாறு படிக்கிற ஆசாமி. இதைப் படிச்சுட்டு நேரா ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடாதீங்க. 1934 கணக்கை இன்னொரு தடவை படிச்சுட்டு, முதல்ல ராத்திரி முழிச்சிருந்து பிள்ளை மூச்சைக் கேளுங்க.